ஆணி நிம்மதியா இருக்கு, காந்தம்தான் மாட்டிக்கிட்டு இருக்கு

ஒரு காந்தத்துல ஆணியை ஒட்டவச்சு, அந்த ஆணி நுனியில இன்னொரு ஆணி, அதுக்குக் கீழ மூணாவதா ஒண்ணுன்னு தொங்கவிட்டு விளையாடாதவங்க ரொம்பக் கம்மி. மேல இருக்கற காந்தத்தை மட்டும் மெதுவா பிரிச்சு எடுத்தா அத்தனையும் பொலபொலன்னு கொட்டிடும். ஒரு நிமிஷம் முன்னாடி காந்தமா இருந்த ஆணி இப்ப வெறும் ஆணி. அந்தக் காந்தம் எங்க போச்சுன்னு நான் கேட்டப்ப "உள்ள இருக்கற டொமைன் எல்லாம் கலைஞ்சு போச்சு"ன்னு பதில் வந்தது. பாடப் புத்தகத்துலயும் அப்படித்தான் படம் போட்டிருப்பாங்க, ஒரு கட்டத்துக்குள்ள குட்டிக் குட்டி அம்புக்குறி கண்ட பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும், அது இரும்பு, பக்கத்துக் கட்டத்துல எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்க்கும், அது காந்தம்.

அந்தப் படத்தை ரொம்ப வருஷம் நம்பினேன். இப்ப யோசிச்சா அது சின்னத் தப்பு இல்ல, விஷயத்தையே தலைகீழா காட்டற தப்புன்னு தோணுது. ஏன்னா அந்தப் படத்தைப் பார்த்தா ஆணி ஒழுங்கில்லாம கிடக்குது, காந்தம் ஒழுங்கா அடங்கி இருக்குன்னுதான் மனசுல பதியும். நிஜத்துல சக்திக் கணக்குப் பார்த்தா ஆணிதான் தனக்குத் தோதான இடத்துல போய் உக்காந்திருக்கு. காந்தம் இருக்கக் கூடாத இடத்துல இருக்கு, இறங்கி வர வழி இல்லாம அங்கயே நிக்குது. நிலையான காந்தம்னு நாம சொல்றதுல அந்த 'நிலை' எங்கேருந்து வருதுங்கறதுதான் என்னை விடாம பிடிச்சு வச்சிருக்கற கேள்வி.

1907-ல பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் ரெண்டு விஷயம் சொன்னார். இரும்புக்குள்ள ஒவ்வொரு அணுவையும் பக்கத்து அணுக்களோட ஒரே திசையில நிக்க வைக்கற ஏதோ ஒரு பெரிய புலம் இருக்கணும்ங்கறது ஒண்ணு. அப்படி இருந்தும் சாதா இரும்பு காந்தமா தெரியலன்னா, அது தனித்தனிப் பகுதிகளா பிரிஞ்சு, ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசையில இருக்கணும்ங்கறது இன்னொண்ணு. அந்தப் பகுதிதான் டொமைன். அதை யாரும் கண்ணால பார்க்கறதுக்கு இருபது வருஷத்துக்கு மேல முன்னாடி, வெறும் யோசனையிலேயே அவர் அங்க போய்ச் சேர்ந்தார்ங்கறது எனக்கு இன்னிக்கும் சிலிர்ப்பா இருக்கு.

அந்தப் பெரிய புலம் எவ்வளவு பெருசுன்னா, இரும்பு 770 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தன் ஒழுங்கை விடறது இல்ல, அவ்வளவு சூட்டோட ஆட்டத்தை அடக்கணும்னா கிட்டத்தட்ட 1000 டெஸ்லா வேணும் (டெஸ்லாங்கறது காந்தப் புலத்தை அளக்கற அலகு). ஆஸ்பத்திரியில எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷின்ல இருக்கறது 1.5, இல்லன்னா 3 டெஸ்லாதான். அணுக்கள் குட்டிக் காந்தமா ஒண்ணை ஒண்ணு இழுக்கறதுல இதுல ஆயிரத்துல ஒரு பங்குதான் தேறும். அப்ப இது எங்கேருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியல, 1928-ல ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் வந்துதான் விளக்கினார், இது காந்த விசையே இல்ல, எலக்ட்ரான்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளற மின்விசையும், ஒரே நிலையில ரெண்டு எலக்ட்ரான் இருக்கக் கூடாதுங்கற பவுலி விதியும் சேர்ந்து பண்ற வேலை, எக்ஸ்சேஞ்ச்னு இதுக்குப் பேரு. இதுக்கு வலு ஜாஸ்தி, ஆனா கை நீளம் கிடையாது. பக்கத்து அணு வரைக்கும்தான் எட்டும்.

இப்ப ஆணிக்கு வருவோம். எக்ஸ்சேஞ்ச் இவ்வளவு வலுவா இருக்கறதால ஆணிக்குள்ள எந்த ஒரு டொமைனை எடுத்துப் பார்த்தாலும் அது ஏற்கனவே முழுசா காந்தம்தான், 2 டெஸ்லாவுக்கு மேல, அதுக்கு மேல ஏத்த முடியாத அளவுக்கு. நாம காந்தத்தைத் தேய்க்கும்போது ஆணிக்குள்ள புதுசா எதையும் ஊத்தல. இருக்கறதைத் திருப்பி விடறோம், அவ்வளவுதான்.

அப்படின்னா எல்லா அணுவும் ஒரே பக்கம் பார்த்தா எக்ஸ்சேஞ்சுக்குச் சந்தோஷம்தானே, எதுக்கு டொமைன் டொமைனா பிரியணும்? இதுக்குப் பதில் ஆணிக்கு வெளிய இருக்கு. மொத்த ஆணியும் ஒரே திசையில காந்தமானா ரெண்டு முனையிலயும் துருவம் வந்துடும், அங்கேருந்து புலம் வெளிய பரவி நிக்கும், வெத்து வெளியில புலம் நிக்கறதுக்கும் சக்தி செலவு ஆகும். அந்தப் புலமே திரும்பி ஆணிக்குள்ளயும் எதிர்த் திசையில அழுத்தும். ரெண்டா பிரிஞ்சு ஒரு பாதி மேல பார்த்து ஒரு பாதி கீழ பார்த்தா இந்தச் செலவு பாதி அளவுக்கு இறங்கும். நாலா பிரிஞ்சா இன்னும் இறங்கும். ஓரத்துல ரெண்டு முக்கோண டொமைன் குறுக்கால வந்து வளையத்தை மூடிட்டா வெளிய ஒரு கோடு கூடக் கசியாது. 1935-ல லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் இந்தக் கணக்கைத் தெளிவா போட்டுக் காட்டினாங்க. அதனால ஆணிக்குள்ள டொமைன் எல்லாம் கலைஞ்சு கிடக்குதுன்னு சொன்னா எனக்கு மனசு ஒப்பறது இல்ல. வெளிய ஒண்ணும் தெரியாதபடி அவ்வளவு கச்சிதமா அடுக்கி, ஒண்ணோட கணக்கை ஒண்ணு நேர் பண்ணி மூடி வச்சிருக்கு.

பிரிஞ்சுக்கிட்டே போகலாமேன்னா அதுக்கும் ஒரு தடை இருக்கு, சுவர். ஒரு டொமைன் மேல பார்க்குது, பக்கத்து டொமைன் கீழ பார்க்குது, நடுவுல எல்லை இருந்தாகணும். ஒரே அணு அடுக்குல சட்டுன்னு 180 டிகிரி திரும்பினா எக்ஸ்சேஞ்ச் தாங்காது. நூறு அடுக்குல கொஞ்சம் கொஞ்சமா திரும்பினா அதுக்கு வலி கம்மி. ஆனா படிகத்துக்குன்னு சில பிடிச்ச திசை உண்டு, இரும்புன்னா அதோட கனசதுரத்தோட விளிம்புத் திசை, கோபால்ட்னா அறுகோணத்தோட அச்சு. திரும்பற வழியில நடுவுல நிக்கற அணுக்கள் எல்லாம் பிடிக்காத திசையில நிக்கணும், சுவர் தடிமன் ஆக ஆக அப்படி நிக்கற அணு கூடிக்கிட்டே போகும். இந்தப் பிடிவாதத்துக்குப் பேரு அனைசோட்ராபி. எக்ஸ்சேஞ்ச் சுவரை அகலமாக்கப் பார்க்கும், அனைசோட்ராபி ஒடுக்கப் பார்க்கும், ரெண்டும் சமாதானம் ஆகற இடத்துல சுவர் நிக்கும். 1932-ல ஃபெலிக்ஸ் ப்ளாக் இதைக் கணக்குப் பண்ணினார். இரும்புல அது சில பத்து நானோமீட்டர், நூறு அணு அடுக்குக்கு மேல. நியோடிமியம் காந்தத்துல சுமார் 4 நானோமீட்டர்தான். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சுவர் கட்டவும் செலவு ஆகுது, வெளிப் புலத்துக்கும் செலவு ஆகுது. ரெண்டும் சேர்ந்து எந்த எண்ணிக்கையில குறைச்சலோ அத்தனை டொமைனோட பொருள் நின்னுடும்.

இதை எல்லாம் படிச்சது வேற, பார்த்தது வேற. 1931-ல ஃப்ரான்சிஸ் பிட்டர் பாலிஷ் பண்ணின பரப்பு மேல நுண்ணிய காந்தத் துகளைத் தூவிப் பார்த்தப்ப, சுவர் இருக்கற இடத்துல எல்லாம் துகள் கோடு கோடா வந்து ஒட்டிச்சு. நான் பார்த்தது கெர் மைக்ராஸ்கோப்புல. காந்தப் பரப்புல பட்டுத் திரும்பற ஒளியோட அதிர்வுத் தளம் துளியூண்டு திரும்பும், டொமைனோட திசையைப் பொறுத்து அது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும், அதை வச்சு ஒரு டொமைனை வெளுப்பாவும் இன்னொண்ணைக் கருப்பாவும் காட்டலாம். சிலிக்கான் சேர்த்த இரும்புத் தகடு, ஸ்க்ரீன் முழுக்கப் பட்டை பட்டையா வெள்ளையும் கருப்பும். பக்கத்துல இருந்த காயில்ல கரண்ட்டைக் கொஞ்சமா ஏத்தினேன். வெள்ளைப் பட்டை அகலமாச்சு, கருப்பு ஒடுங்கிச்சு, சுவர் வழுக்கிக்கிட்டு நகர்றதைக் கண்ணால பார்க்கறேன், ஒரு அணு கூட இடம் மாறல, அது அது இருந்த இடத்துல இருந்து திசை மட்டும் திருப்பிக்குது, ஆனா பார்க்கறதுக்கு ஏதோ உயிருள்ளது ஊர்ற மாதிரி இருக்கு. அப்புறம் ஒரு இடத்துல சுவர் நின்னுடுச்சு. இன்னும் ஏத்தினேன், நகரல, நடுவுல மட்டும் வில்லு மாதிரி வளைஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஏத்தினதும் படக்குன்னு பிச்சுக்கிட்டுத் தாண்டிப் போய் அடுத்த இடத்துல மாட்டிச்சு. கரண்ட்டை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், சுவர் பழைய இடத்துக்குத் திரும்பல. அன்னிக்கு அரை நாள் வேற எந்த வேலையும் ஓடல எனக்கு.

அந்தத் திரும்பாமைதான் மொத்த விஷயமும். சுவர் நிக்கற இடம்னு பார்த்தா உலோகத்துக்குள்ள ஒரு குட்டி அழுக்கு, காந்தம் இல்லாத ஒரு துகள், படிகத்துல ஒரு பிசகு, ரெண்டு மணி, அதாவது உலோகத்துக்குள்ள இருக்கற ரெண்டு குட்டிப் படிகம், சேர்ற எல்லை, இந்த மாதிரி. ஓட்டை இருக்கற இடத்துல சுவர் உக்காந்தா அந்த ஓட்டை அளவுக்குச் சுவர் கட்டற செலவு மிச்சம், அதனால அது அங்கேயே ஒட்டிக்கும். பொருளுக்குள்ள இப்படி மேடும் பள்ளமுமா ஒரு நிலம் இருக்கு, சுவர் பள்ளத்துல போய் விழுந்துக்குது, வெளிப் புலம் வந்து தள்ளினாத்தான் மேட்டைத் தாண்டும். தமிழ்ல இதுக்குக் காந்தத் தயக்கம்னு பேரு வச்சவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்கு ஒரு கும்பிடு, தயக்கம்ங்கற வார்த்தை அந்தச் சுவரை நேர்ல பார்த்தவங்க வச்ச மாதிரியே இருக்கு.

இந்தத் தயக்கத்தைக் காதாலயும் கேக்கலாம். 1919-ல பார்க்ஹவுசன் பண்ணினது அதைத்தான். ஆயிரக்கணக்கான சுத்து சுத்தின காயில், அதுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி, காயிலோட ரெண்டு முனையும் ஆம்ப்ளிஃபயருக்கு, அங்கேருந்து ஸ்பீக்கருக்கு. காந்தத்தை மெதுவா கிட்ட கொண்டுபோங்க, ரொம்ப மெதுவா. சரசரன்னு ஒரு சத்தம் வரும், மணலைத் தகரத்து மேல கொட்டற மாதிரி. நான் முதல் தடவை கேட்டப்ப ஏதோ ஒயர் லூசா இருக்குன்னு எல்லா இணைப்பையும் திரும்ப அழுத்திப் பார்த்தேன். ஒயர் எல்லாம் சரியாத்தான் இருந்தது. காந்தத்தை நிறுத்தினா சத்தமும் நிக்குது, நகர்த்தினா வருது. ஒவ்வொரு 'சரக்'கும் ஒரு சுவர் எங்கயோ ஒரு பள்ளத்துல இருந்து பிச்சுக்கிட்டுத் தாவற சத்தம். இப்ப இதே சத்தத்தை வச்சு எஃகு பாகத்துக்குள்ள அழுத்தம் எவ்வளவு, கிரைண்டிங் பண்ணும்போது சூடு தாங்காம எங்க கெட்டுப்போச்சுன்னு பாகத்தை உடைக்காமலே கண்டுபிடிக்கறாங்க.

டிரான்ஸ்ஃபார்மர் பண்றவங்களுக்கு இந்தத் தயக்கமே ஆகாது. செகண்டுக்கு நூறு தடவை காந்தத் திசை மாறணும், ஒவ்வொரு தடவையும் சுவர் மாட்டி மாட்டிப் போனா அத்தனையும் சூடா வீணாகும். அதனால சுமார் 3 சதவீதம் சிலிக்கான் சேர்த்து, அழுக்கை எடுத்து, மணிகளைப் பெருசா வளர்த்து, பிடிச்ச திசை எல்லாம் ஒரே பக்கம் வர்ற மாதிரி உருட்டி எடுக்கறாங்க. நிக்கல் 80, இரும்பு 20 கிட்ட கலக்கற பெர்மலாய்ல அனைசோட்ராபியும் கிட்டத்தட்ட இல்ல, காந்தமாகும்போது நீளம் மாறறதும் கிட்டத்தட்ட இல்ல, பூமியோட புலத்துக்கே சுவர் அசைஞ்சு கொடுக்கும்.

காந்தம் பண்றவங்களுக்கு நேர் எதிர். அவங்களுக்கு வேணும்ங்கறது மாட்டிக்கறதுதான்.

இங்க ஒரு கணக்கு இருக்கு, ரெண்டே எண். ஒரு கன மீட்டர் இரும்பைத் தட்டைத் தகடா அடிச்சு, அதோட பரப்புக்குச் செங்குத்தா முழுசா காந்தமாக்கினா, வெளிப் புலத்தால வர்ற செலவு சுமார் 18 லட்சம் ஜூல். அதே இரும்போட அனைசோட்ராபி, அதாவது பிடிச்ச திசையை விட மாட்டேன்னு அது பிடிவாதம் பிடிக்கறதுக்கான சக்தி, சுமார் 48 ஆயிரம் ஜூல்தான். கிட்டத்தட்ட நாப்பதுல ஒரு பங்கு. எப்படித் தாங்கும்? தாங்காது. அதனாலதான் பழைய எஃகுக் காந்தம் எல்லாம் நீளக் கம்பியாவோ குதிரை லாடமாவோ இருந்தது, முனைகள் ஒண்ணுக்கொண்ணு தள்ளி இருந்தா உள்ள திரும்பி அழுத்தற புலம் கம்மி. லாடக் காந்தத்தோட ரெண்டு காலுக்கும் குறுக்கால ஒரு இரும்புத் துண்டு வச்சுத்தான் பத்திரப்படுத்துவாங்க. எனக்குச் சின்ன வயசுல ஒண்ணு கிடைச்சது, அந்தத் துண்டு எதுக்குன்னு தெரியாம தொலைச்சுட்டேன், அது இல்லாம கிடந்த காந்தம் போகப் போக வலு இழந்துச்சு. அது புலம் வெளிய அலையாம வளையத்தை மூடற துண்டுன்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சது.

நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த படிகத்துக்கு அதே ரெண்டு எண்ணைப் போடுங்க. வெளிப் புலச் செலவு சுமார் 10 லட்சம் ஜூல். அனைசோட்ராபி கிட்டத்தட்ட 45லருந்து 50 லட்சம் ஜூல். நாலு அஞ்சு மடங்கு மேல! பலசாலி யாருங்கறதே மாறிப்போச்சு. அதனாலதான் பொத்தான் மாதிரி சன்னமா, துருவம் ரெண்டும் முதுகோட முதுகா ஒட்டி இருக்கற வடிவத்துல கூட அது காந்தமாவே நிக்குது. 1980களோட ஆரம்பத்துல ஜப்பான்ல சகாவாவும் அமெரிக்காவுல குரோட்டும் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் மோட்டார் எல்லாம் சின்னதாச்சு. சுவர் 4 நானோமீட்டர்னு சொன்னேனே, அதுக்கும் இந்தப் பிடிவாதம்தான் காரணம். அவ்வளவு மெல்லிய சுவருக்குச் சில அணு அளவு குறை கூடப் பெரிய பள்ளம்.

ஆனா முழுக் கதை இவ்வளவு அழகா முடியல. கணக்குப்படி அந்தப் படிகத்தைக் கவிழ்க்க 7 டெஸ்லாவுக்கு மேல எதிர்ப் புலம் வேணும். நிஜத்துல ஒண்ணு, ஒண்ணரை டெஸ்லாவுல கவிழ்ந்துடும். இந்த இடைவெளிக்குப் பிரவுன் முரண்னு பேரு. மணியோட மேல் தோல்ல எங்கயோ ஒரு மூலையில அணு வரிசை பிசகி இருக்கும், அங்க பிடிவாதம் கம்மி, முதல்ல அங்க ஒரு பொட்டு திரும்பும், திரும்பினதும் சுவர் பிறந்துடும், சுவர் பிறந்தா அந்த மணி முழுக்க ஒரே ஓட்டம். ஒரு கோட்டையோட பலம் அதோட சின்னக் கதவுல இருக்கற மாதிரி. இதைத் தடுக்க மணியை மைக்ரான் கணக்குல சின்னதாக்கி, ஒவ்வொரு மணியைச் சுத்தியும் காந்தம் குறைஞ்ச மெல்லிய படலம் வச்சுப் பிரிச்சு, தோல் பகுதியில டிஸ்ப்ரோசியம்ங்கற உலோகத்தைச் சேர்த்து இறுக்கறாங்க. சூடு வேற. இந்தக் காந்தத்தோட கியூரி வெப்பநிலை, அதாவது எக்ஸ்சேஞ்ச் தோத்து ஒழுங்கு குலையற சூடு, 312 டிகிரி, ஆனா சாதா ரகத்தை 80 டிகிரிக்கு மேல கொண்டுபோகாதீங்கன்னுதான் சொல்வாங்க, ஏன்னா எக்ஸ்சேஞ்ச் தோக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தச் சின்னக் கதவு திறந்துடும்.

சரி, சுவரே இல்லாம பண்ணிட்டா? துகளைப் பொடியாக்கிக்கிட்டே போனா ஒரு அளவுக்குக் கீழ சுவர் கட்டற இடமும் இல்ல, கட்டினா கட்டுபடியும் ஆகாது, துகள் முழுக்க ஒரே டொமைன். இப்ப அதைக் கவிழ்க்கணும்னா மொத்தத் துகளும் ஒண்ணா பிடிக்காத திசை வழியா தாண்டியாகணும், அது பெரிய மேடு. ரொம்ப நல்லதுன்னு இன்னும் சின்னதாக்கினா திடீர்னு எல்லாம் சரிஞ்சுடும், ஏன்னா மேட்டோட உயரம் துகளோட கன அளவைப் பொறுத்தது, வெப்பத்தோட ஆட்டம் எப்பவும் அடியில இருந்து உலுக்கிக்கிட்டே இருக்கு. 1949-ல லூயி நேல் இதுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். துகள் செகண்டுக்குச் சுமார் நூறு கோடி தடவை முட்டிப் பார்க்குதுன்னு வச்சுக்கிட்டு, மேடு வெப்பச் சக்தியை விட எத்தனை மடங்குன்னு கேக்கணும். 25 மடங்குன்னா ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல தாங்கும். 40 மடங்குன்னா ஏழு வருஷத்துக்கு மேல. 60 மடங்குன்னா 360 கோடி வருஷம்! பூமியோட வயசே 450 கோடி சொச்சம்தான். 25லருந்து 60க்குப் போக துகளோட விட்டம் எவ்வளவு கூடணும்னு போட்டுப் பாருங்க, வெறும் மூணுல ஒரு பங்கு. அந்தக் கணக்கை நான் மூணு தடவை திரும்பத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தேன், நிமிஷத்துக்கும் யுகத்துக்கும் நடுவுல சில நானோமீட்டர்தான் இருக்குங்கறதை ஒத்துக்க மனசுக்கு நேரம் ஆச்சு.

ஹார்ட் டிஸ்க் பண்றவங்க இந்த மயிரிழை மேலதான் நடக்கறாங்க. இடம் மிச்சம் பண்ண மணியைச் சின்னதாக்கணும், சின்னதாக்கினா எழுதினது தானா அழியும், அழியாம இருக்கப் பிடிவாதம் ஜாஸ்தியான இரும்பு பிளாட்டினம் மாதிரி பொருள் வேணும், அதைப் போட்டா எழுதற தலைக்கே அதைத் திருப்ப வலு இல்ல, தலையில இருக்கற உலோகம் தர்றது 2.4 டெஸ்லா கிட்ட முடிஞ்சுடும். அதனால இப்ப லேசரை வச்சு எழுதற இடத்தை மட்டும் ஒரு நொடிப்பொழுது சூடாக்கி, மேடு கரைஞ்சிருக்கற அந்தக் கணத்துல எழுதிட்டு ஆறவிடறாங்க. ஆறினதும் மேடு திரும்ப எழும்பிக்கும்.

எரிமலைக் குழம்பு இதையே கோடிக்கணக்கான வருஷமா பண்ணுது. குழம்புல இருக்கற மேக்னடைட்ங்கற இரும்புக் கனிமத் துகள் 580 டிகிரிக்குக் கீழ இறங்கும்போது காந்தமாகும், ஆறிக்கிட்டே வரும்போது ஒவ்வொரு துகளா அது அதோட அளவுக்கு ஏத்த சூட்டுல அன்னிக்குப் பூமியோட புலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்தபடி உறைஞ்சுடும். 1906-ல பெர்னார்ட் ப்ரூன் பிரான்ஸ்ல, குழம்பு சுட்ட களிமண்ல இன்னிக்குத் திசைக்கு நேர் எதிரா காந்தம் இருக்கறதைப் பார்த்தார். 1929-ல ஜப்பான்ல மட்டுயாமா இந்தத் தலைகீழ் பாறை எல்லாம் குறிப்பிட்ட காலத்தைச் சேர்ந்ததுன்னு காட்டினார். கடைசியா பூமியோட புலம் புரண்டது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் வருஷம் முன்னாடி, அந்த எல்லைக்கு இவங்க ரெண்டு பேர் பேரும்தான். அதுக்கு அப்புறம் இத்தனை லட்சம் வருஷமா பூமி எதிர்ப் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கு, அந்தத் துகள்கள் திரும்பல. இழுக்கற புலமும் ஒரு டெஸ்லாவுல லட்சத்துல சில பங்குதான், மேட்டைத் தாண்ட வைக்க அது காணாது.

அந்தப் பாறையைப் படிக்கற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாறைத் துண்டை, வெளிப் புலம் துளியும் இல்லாதபடி கவசம் போட்ட உலையில வச்சு 100 டிகிரி வரைக்கும் சூடாக்கி, ஆறவிட்டு, மிச்சம் இருக்கற காந்தத்தை அளப்பாங்க. அப்புறம் 200, அப்புறம் 300. ஒவ்வொரு படியிலயும் அந்தச் சூட்டுல மேட்டைத் தாண்ட முடிஞ்ச துகள்கள் மட்டும் விடுபட்டு, ஒண்ணுக்கொண்ணு நேர் ஆகிப் பேசாம ஆகிடும். பின்னாடி காலத்துல வந்து ஒட்டின பலவீனமான காந்தம் முதல்ல போகும். 500ஐத் தாண்டினா பாறை பிறந்த நாள்ல உறைஞ்ச துகள்கள் மட்டும் மிச்சம் இருக்கும், அளந்த காந்தத்தைக் காட்டற அம்புக்குறி ஒரே திசையில நேர்க்கோடா சுருங்கிக்கிட்டே வரும், அந்தத் திசையைத்தான் குறிச்சுக்கறாங்க. 580ல அளவு பூஜ்யம். பாறைத் துண்டு அதே கருப்பு, கிட்டத்தட்ட அதே எடை. உள்ள இருந்த அத்தனை துகளும் ஆணி மாதிரி ஆகியிருக்கும்.